புயலைப் பெருக்கித் தள்ளியவர்

இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் வீட்டு ஓட்டையை எண்ணிப் பிழைக்கிறவன் நான். புயலடித்தாலும் தீப்பிடித்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் என்னைத்தான் அனுப்பும். போய்ப் பார்த்து, அளந்து, படமெடுத்து, இவ்வளவு சேதம், இதில் இவ்வளவு பாலிசிக்குள் வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குச் சர்வேயர் என்று பெயர். ஊருக்குள் போய் அப்படிச் சொன்னால் பாதிப் பேர் நிலம் அளக்க வந்தவன் என்று நினைத்து வேலித் தகராறைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "முத்துகிருஷ்ணன், இன்சூரன்ஸ்" என்று இரண்டு தடவை சொன்னால்தான் நாற்காலி வரும்.

இந்தத் தொழிலில் மனிதர்கள்மேல் இருக்கும் நம்பிக்கை மெல்ல மெல்லக் கரைந்துவிடும். புயலுக்கு மறுநாள் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பத்து வருடத்து விரிசலைக் காட்டி "நேத்துத்தான் சார் விட்டுச்சு" என்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் சிலந்தி பேரன் பேத்தி எடுத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். ஒருவர் நல்ல ஃபிரிட்ஜைத் தானே மாடியிலிருந்து உருட்டிவிட்டுப் புயல்மேல் பழி போட்டார். எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் உண்மையாகவே நடந்த சேதத்தை ஒளித்து வைத்துவிட்டு, பிறகு க்ளெய்ம் கேட்ட ஒரே மனுஷி புதுமடம் சூஃபியாதான்.

கார்த்திகைப் புயல் அடித்து இருபத்தோராம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்த வீட்டுக்குப் போனேன். எனக்கு வந்த தாளில் மாடி அறையின் கூரை முழுவதும் பறந்தது, தென்னை சாய்ந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் பின்பக்கக் காம்பவுண்டும் போயின, தண்ணீர்த் தொட்டி உடைந்தது என்று எழுதியிருந்தது. படிக்கும்போதே பாவமாக இருந்தது. போய்ப் பார்த்தால், வாசல் கழுவி விட்டிருக்கிறது. முன்சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. ஓர் ஓலைத்துண்டு, ஓர் உடைந்த செங்கல் கண்ணில் படவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று முகவரியை மறுபடி பார்த்தேன்.

சூஃபியாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல உயரம். பேசும்போது கை சும்மா இருக்காது. "வாங்க சார், வாங்க, வெயில்ல வந்துருக்கீக" என்று மின்விசிறியைப் போட்டுவிட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

"சேதம் எங்கம்மா?"

"பெருக்கித் தள்ளிட்டேன் சார்."

"என்னது?"

"மூணே நாளு. நானும் எம்மக சுஹாவும், பக்கத்து வீட்டு இருளம்மா அக்காவும், வாவு காக்காவோட வலைக்காரக பத்துப் பேரும். நாலாம் நாளு வீடு பளிச்சுன்னு ஆயிருச்சு." காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். ஒரு கிலோ ஆட்டுக்கறியை நல்ல விலைக்கு வாங்கி வந்தவர் முகத்தில் வரும் பெருமை அவர் முகத்தில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சுலபமாகக் கோபம் வரும், என் மனைவி சாட்சி. "சேதத்தை அப்படியே வச்சு, படம் எடுத்து, உடனே தகவல் சொல்லணும்மா. அதுதான் முறை. நீங்க எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு இருபது நாள் கழிச்சுக் கூப்பிட்டா நான் எதைப் பாத்து எழுதுறது? படமாவது இருக்கா?"

"ஒண்ணுகூட எடுக்கல சார். எடுக்க விடவும் இல்ல."

"ஏம்மா?"

"அவருக்குத் தெரிஞ்சுரக் கூடாதே, அதான்."

அவர் என்றால் கணவர் நவ்ஷாத். சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறியவர். பத்தொன்பது வருடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத விடுப்பில் வந்து போகிறவர். அந்தக் கடற்கரை ஊர்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. கடலுக்கு அங்கிட்டு இருப்பவருக்கு இங்கிட்டிருந்து கெட்ட சேதி போகக் கூடாது. பெற்ற வாப்பா இறந்துபோனால்கூட "கொஞ்சம் முடியல" என்றுதான் முதலில் சொல்வார்கள். அங்கே தனியாக ஓர் அறையில் கிடப்பவர் ராத்திரி எப்படித் தூங்குவார் என்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாதே.

அந்த வீட்டைக் கட்டியதே சூஃபியாதான். நவ்ஷாத் பணத்தை அனுப்பினார், இவர் வீட்டை எழுப்பினார். மணல் லாரிக்காரனிடம் பேரம் பேசியது, கம்பி எத்தனை எம்.எம். என்று அளந்து வாங்கியது, தளம் போட்ட அன்று விடிய விடிய நின்று சிமெண்ட் மூட்டையை எண்ணியது எல்லாம் இவர். ஒருநாள் கொத்தனார் கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார். இவர் ஒரு பிடியை எடுத்துக் கையால் நசுக்கிப் பார்த்து, "இத நீங்க உங்க வீட்டுக்குப் பூசுவீகளா மேஸ்திரி?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து புதுமடத்தில் கொத்தனார்களுக்கு இவர் "மேஸ்திரியம்மா". பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் இவரை ஒருநடை கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் பூசுகிறார்கள். கட்டிய சுவரைப் படம் பிடித்து அன்றன்றைக்கே தம்மாமுக்கு அனுப்பிவிடுவார். நவ்ஷாத் தன் வீட்டைக் காலால் மிதித்ததைவிடப் போனில் பார்த்ததுதான் அதிகம்.

அப்படிப்பட்டவர் உடைந்ததை மட்டும் அனுப்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இந்த மாதக் கடைசியோடு நவ்ஷாதின் கான்ட்ராக்ட் முடிகிறது. ஒரேயடியாகத் திரும்பி வருவதற்கு அங்கே எக்ஸிட் என்று பெயர். அவர் எக்ஸிட்டில் வரப்போவதாகச் சொல்லியிருந்தார். இது முதல் தடவை அல்ல.

"நாலு தடவ சொல்லிட்டாரு சார்," என்றார் சூஃபியா. "மொதத் தடவ தங்கச்சி கல்யாணம் வந்துச்சு, ரெண்டு வருசம் கூட்டிப் போட்டாரு. அப்பறம் இந்த மனை. அப்பறம் வீடு. போன தடவ பாங்க் லோனு. ஒவ்வொரு தடவையும் ஏதாச்சும் ஒண்ணு வந்து உக்காந்துக்கிரும். இப்பத்தான் லோன் முடியப் போகுதுன்னு இருந்தோம். கூரை போச்சுன்னு தெரிஞ்சா இன்னொரு ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்ருவாரு. எனக்கு அவரத் தெரியும். அவரு வந்து சேருறவரைக்கும் இந்த வீட்டுல ஒண்ணும் ஒடையல சார்."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன கையோடு சிரித்துச் சமாளித்துவிட்டார்.

வீட்டுக்குப் பாலிசி இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கூரை போட நகையை அடகு வைக்கலாம் என்று பாங்குக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த அதிகாரி பைலைப் புரட்டி, "லோன் கொடுக்கும்போதே உங்க வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்ருக்கேம்மா, புயலுக்கும் சேத்துத்தான்" என்று சொல்லியிருக்கிறார். வளையலைத் திரும்பக் கையில் மாட்டிக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போய் மனு எழுதிப் போட்டுவிட்டார். இப்படி லோனோடு சேர்த்துப் பிடித்த பாலிசி எத்தனை வீட்டில் பைலுக்குள்ளேயே தூங்குகிறதோ தெரியாது. புயலடித்தால் கலெக்டர் ஆபீசுக்கு ஓடுவார்கள். பீரோவைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

சரி, வந்தது வந்துவிட்டோம் என்று மாடிக்குப் போனேன். தெருவிலிருந்து பார்த்தால் புதுத் திரைச்சீலை தொங்குகிற ஜன்னல். உள்ளே போனால் மேலே ஆகாயம், குறுக்கே ஒரு நீலத் தார்ப்பாய். இரும்புச் சட்டம் மட்டும் நிற்கிறது. கைப்பிடிச் சுவர் பத்தடி நீளத்துக்கு இல்லை. இல்லை என்பது தெரிகிறது. காற்றால் போனதா, இவர்களே இடித்ததா என்பதற்கு என்ன சாட்சி?

"கூரைத் தகரம் எங்கே?"

"இருளம்மா அக்கா ஆட்டுக் கொட்டகையில."

"செங்கல்?"

"மெயின் ரோட்டுக் குழியில."

"தென்னை? தொட்டி?"

"வாவு காக்காகிட்ட இருக்கு. கடக்கரையில."

சேதம் வீட்டைவிட்டுக் கிளம்பி ஊர் பூராவும் குடியேறிவிட்டிருந்தது. டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு அதைத் தேடிக் கிளம்பினேன். முன்னால் சூஃபியா, நடுவில் நான், பின்னால் பிளஸ் டூ படிக்கும் சுஹா என் பைலைச் சுமந்துகொண்டு. வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் சூஃபியா "கூரை பாக்க வந்துருக்காக" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பத்து வீடு தாண்டுவதற்குள் எங்களுக்குப் பின்னால் சின்ன ஊர்வலமே சேர்ந்துவிட்டது.

இருளம்மாள் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "இந்தத் தகரத்தப் பிடுங்கிட்டுப் போயிருவீகளா சார்? நாலு ஆடும் ரெண்டு குட்டியும் நனைஞ்சு போயிருமே."

"பிடுங்க வரல ஆத்தா, பாக்க வந்தேன்."

தகரத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆள் வைத்து ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் போல்ட் துளை வட்டமாகவே இருக்கும். காற்று பிடுங்கினால் துளை ஒரு பக்கமாக இழுபட்டுக் கிழிந்திருக்கும். இருளம்மாளின் கூரையில் அத்தனை துளையும் விளிம்புவரை கிழிந்திருந்தது. அந்தத் துளைகளுக்கிடையே இருந்த தூரத்தை அளந்தேன். மாடிச் சட்டத்தில் குறித்து வந்த அளவோடு அச்சாகப் பொருந்தியது. முறைப்படி இந்தப் பழைய தகரம் கம்பெனியின் கணக்கில் வரவு வைக்க வேண்டியது. "மறுவிற்பனை மதிப்பு இல்லை" என்று எழுதினேன். ஆடுகள் என்னைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கடற்கரையில் தென்னை நான்கு துண்டுகளாகி வள்ளங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் பாதி, கருவாட்டுக்கு மீன் ஊறப்போடும் தொட்டியாகிவிட்டது. மூடியைத் திறந்து காட்டினார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வள்ளக்காரர் வாவு முகம்மதுக்கு அறுபது வயதிருக்கும், தாடிக்கு மருதாணி போட்டவர். விழுந்த அன்று யாராவது படம் எடுத்தார்களா என்று அவரிடம் கேட்டேன்.

"படமா? சேச்சே! இந்தப் புள்ள எங்க எல்லாருகிட்டயும் சத்தியம்ல வாங்கிருச்சு" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டே.

சூஃபியா அவரை நன்றியோடு பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தப் பெண் எப்படியோ மூடிவிட்டாரே என்று எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்து தாள்களைப் பரப்பினேன். துளை பேசுகிறது, மரம் பேசுகிறது, அன்று காற்று எத்தனை வேகம் என்று வானிலை ஆபீஸ் சொல்லும். படம் மட்டும் இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். பிறகு பாலிசியின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். சங்கடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, லோன் அவர் பேரில். பாலிசியும் அவர் பேரில். க்ளெய்ம் பாரத்தில் அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"நான் போட்டா ஆகாதா? வீட்டக் கட்டுனது நான்தானே?"

"கட்டினது நீங்கதான். பேப்பர்ல அவர்தான்."

சுஹா மெதுவாக வாயைத் திறந்தாள். "வாப்பா கையெழுத்து எனக்கு அச்சு அசலா வரும் சார். ரேங்க் கார்டுல பூராம்…" உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல் பைலைக் கட்டினேன்.

சூஃபியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்குள் போனதிலிருந்து அவர் உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். சொன்னால் பணம் வரும், புருஷன் வரமாட்டார். சொல்லாவிட்டால் புருஷன் வருவார், அவர் வந்து பார்க்கும்போது தலைக்குமேல் கூரை இருக்காது. அவரே இன்னொரு விமானம் ஏறிவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வருடம். அந்தக் கையைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, அசையாமல் மடியில் கிடந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை நவ்ஷாதுக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்து கூப்பிடுவாராம். நம் நேரம் மூன்று மணி. போன் ஒலித்த மாத்திரத்தில் அந்த வீட்டில் ஒரு நாடகக் கம்பெனி இயங்கத் தொடங்கியது. சுஹா ஓடிப்போய்ப் பின்கதவைச் சாத்தினாள், விழுந்த காம்பவுண்டு தெரியாமல் இருக்க. சூஃபியா முகத்தைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்து, காலண்டர் தொங்கும் ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். தரையில் சாக்கட்டியால் ஒரு கோடுகூடப் போட்டிருந்தார்கள், அதற்கு மேல் நகர்ந்தால் மாடிப்படி தெரிந்துவிடுமாம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நல்லாருக்கோம். சாப்ட்டீகளா?" அவர் சிரித்தபடி பேசினார். ஆனால் கண் மேஜைமேல் கிடந்த பாரத்துக்கே போய் வந்தது. இரண்டு நிமிடம் கறி விலை, சுஹாவின் பரீட்சை என்று ஓடியது. பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"மச்சான், ஒரு பொய் சொல்லிட்டேன். இருபது நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

"கூரைதானே?"

சூஃபியா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்ம ஊர் ஆளுக குரூப்புல அன்னைக்கி விடியக்காலமே வீடியோ வந்துருச்சு. தென்ன மரம் விழுந்து கெடக்கு, வாவு காக்கா கூடவே கதையும் சொல்றாக. தம்மாம், துபாய், மலேசியா பூராம் பாத்தாச்சு. நீ மட்டுந்தான் இன்னும் மறைச்சுக்கிட்டு இருக்க."

நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். படம்! தேதியோடு, நேரத்தோடு, வர்ணனையோடு!

சூஃபியாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீக?" என்றார். "அப்ப, கான்ட்ராக்ட்டு? கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல. புயலடிச்ச நாலாம் நாளே எக்ஸிட்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி டிக்கெட்டு."

"கூரை போனது தெரிஞ்சுமா?"

"கூரை போனதுக்காக இல்ல சூஃபி. அன்னைக்கி நீ இந்தச் செவுத்து முன்னாடி நின்னு சிரிச்ச பாத்தியா, அதுக்காக. ராத்திரி பூராம் புயல்ல கெடந்தவ, எனக்காக மூஞ்சியத் தொடைச்சுட்டு வந்து சிரிக்கிற. இத்தன வருசத்துல இப்படி எத்தன தடவ சிரிச்சியோன்னு யோசிச்சேன். போதும்னு ஆயிருச்சு எனக்கு. கூரைய ரெண்டு பேருமாப் போட்டுக்கிருவோம்."

என் தொழிலில் அடுத்தவர் வீட்டை உற்றுப் பார்ப்பதுதான் சம்பளம். ஆனாலும் அந்த நேரத்தில் திரும்பிக்கொண்டு, உடையாத ஜன்னல் ஒன்றை டேப் பிடித்து அளக்க ஆரம்பித்தேன். இரண்டு தடவை அளந்தேன். அகலம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

க்ளெய்ம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வந்தது. நவ்ஷாத் அன்றைக்கே பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பினார், அந்த வீடியோவையும் சேர்த்து. தாமதத்துக்குக் காரணம் என்ன என்று கம்பெனி கேட்டது. நான் ஒரு பக்கம் எழுதினேன், அவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ ஒத்துக்கொண்டார்கள். கூரை, கைப்பிடிச் சுவர், காம்பவுண்டு மூன்றும் கட்டடத்தில் சேர்ந்ததால் கிடைத்தது. தொட்டி பழசு என்று பாதி பிடித்தார்கள். பாங்க் போட்ட பாலிசி கட்டடத்துக்கு மட்டும் என்பதால் அறைக்குள் இருந்த பொருள்களுக்கு ஒன்றும் இல்லை. வாவு முகம்மது சத்தியத்தை மீறியதற்கு சூஃபியா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அன்றைக்கு நான் ஜன்னலை அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் சூஃபியா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய பழைய குரல் வந்தது. "சுஹா, கதவத் தொறடி." சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

"இந்தா பாருங்க மச்சான், கைப்பிடிச் சொவரு. பத்தடி போச்சு. இந்தா, தொட்டி இருந்த எடம். இங்கன பாருங்க, நீங்க அனுப்புன கட்டில், பலகை உப்பிப்போய்க் கெடக்கு. சுஹா புத்தகம் பூராம் நனைஞ்சு, வெயில்ல ஒவ்வொரு தாளாக் காய வச்சோம், பாத்தீகளா? அன்னைக்கி மரம் விழுந்த சத்தத்துல எனக்கு உசுரே போயிருச்சு மச்சான். ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில படுத்துக் கெடந்தோம்…" அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. கை மறுபடி எல்லாத் திசையிலும் ஆடியது. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து "அப்பறம்?" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாத புயலை அவர் முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். பாலிசிக்குள் வருமா வராதா என்று பார்க்காமல் அவர் சொன்ன அத்தனையையும் எழுதிக்கொண்டேன்.